ஓடினால் சளி பிடிக்குமா? எச்சில், மூக்கு, போகிப் புகை

ஜனவரி 9, 2025, இரவு 10.40

கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது: "ஞாயித்துக்கிழமை மாரத்தான்ல 21 கிமீ ஓடினேன், முதல் தடவை. செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரன்னு ஆரம்பிச்சுது, இன்னிக்கு மூக்கே திறக்கல. உடம்பைத் தேத்தத்தானே ஓடறோம், இது கவுத்துடுச்சே? விட்டுடலாமா?"

விடாதே தம்பி. ஆனால் இது தற்செயலும் இல்லை. நெடுந்தூரம் ஓடி முடித்த பிறகு சில மணி நேரம் உடம்பின் காவல் தளர்ந்து கிடக்கும். ‘திறந்த ஜன்னல்’ என்று இதற்குப் பெயரே உண்டு. ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணு, ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஓடுவதற்கு முன்னால் இருந்த எண்ணிக்கைக்கும் கீழே போய்விடும். எச்சிலில் இருக்கும், கிருமியைத் தடுக்கும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியும் குறையும். பனிச்சறுக்கு வீரர்களின் எச்சிலைச் சோதித்து 1982-லேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஆள் தும்மினால் கதை முடிந்தது.

ஒரு வாரம் ஓட வேண்டாம். தொந்தரவு கழுத்துக்கு மேலே மட்டும்தான், காய்ச்சல் இல்லை என்றால் மெதுவாக நட. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் பேசாமல் படு.

ஜனவரி 10, காலை 6.15

‘ஐஜிஏ குறையும்’ என்று ஒரே அடியாக எழுதிவிட்டேன். அக்கா மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். படித்துவிட்டு, "எது குறையும் மாமா? ஒரு மில்லி எச்சில்ல இருக்கிற அளவா, ஒரு நிமிஷத்துல சுரக்கிற மொத்தமா?" என்று கேட்டாள். முழித்தேன். கன்டெய்னர் யார்டில் வேலைக்கு நேரமாகிவிட்டது, ராத்திரி வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 10, இரவு 11.20

அவள் கேட்டது சரியான கேள்வி. ஓடும்போது வாய் வறளும். தண்ணீர் குறைந்த எச்சிலில் எதை அளந்தாலும் கூடுதலாகத்தான் காட்டும், ரசம் சுண்டினால் உப்புக் கரிப்பது மாதிரி. அதனால் நிமிடத்துக்கு எவ்வளவு ஐஜிஏ வாய்க்குள் வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சில ஆய்வில் குறைகிறது, சிலவற்றில் மாறவே இல்லை, மிதமாகப் பயிற்சி செய்தவர்களுக்குச் சற்று ஏறியதும் உண்டு. நேற்று நான் எழுதியது பாதி உண்மை.

எச்சில் என்றாலே எனக்கு ராயபுரம்தான். 1994, எனக்குப் பதினேழு வயது. பாக்சிங்கில் 48 கிலோ பிரிவு. போட்டிக்கு முந்தின நாள் தராசில் ஏறினால் 49.100. வாத்தியார் ஒன்றும் திட்டவில்லை. ஸ்வெட்டரைப் போட்டு, அதற்கு மேல் ரெயின்கோட்டை மாட்டிவிட்டு, காசிமேடு வரை ஓடிப் போய் வா என்றார். மே மாசம். வந்ததும் கையில் நாலு சூயிங்கமும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலும். மெல்லு, துப்பு, மெல்லு, துப்பு. முதலில் எச்சில் தண்ணீர் மாதிரி வரும். அரை மணி நேரத்தில் நூல் மாதிரி இழுக்கும். அப்புறம் வெறும் நுரை. பாட்டிலில் லேபிளின் அடிப்பக்கம் வரை வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 51 கிலோ பையன் தன் பாட்டிலைத் தூக்கி என்னோடதுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துச் சிரித்தான். மறுநாள் 47.900. இரண்டாவது ரவுண்டிலேயே கால் தள்ளாடித் தோற்றேன், அது வேறு விஷயம்.

சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொரு போட்டிக்கும் நாலைந்து நாள் கழித்து டான்சில் வீங்கும். கணக்கு வைத்த மாதிரி வரும். "ஜில்லுனு ஏதாவது குடிச்சிருப்பே" என்று அம்மா திட்டுவார். குடித்திருப்பேன், எடை போட்டு முடித்ததும் முதல் வேலை அதுதான்.

இப்போது யோசித்தால், துப்பின எச்சிலைவிட அதற்கப்புறம் சுரக்காமல் போன எச்சில்தான் பெரிய நஷ்டம். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்க வேண்டியது. உடம்பில் தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, பயத்தில் தூக்கமும் இல்லை. வாய் காய்ந்தே கிடந்தது.

இந்த ஐஜிஏ எப்படி வாய்க்கு வருகிறது என்பது அழகான விஷயம். எச்சில் சுரப்பியின் மேல்தோலுக்கு உள்பக்கம் சில அணுக்கள் உட்கார்ந்து இதைத் தயாரிக்கின்றன. தோலணுவின் அடியில் ஒரு ஏற்பி இருக்கிறது. அது ஐஜிஏவைப் பிடித்து, அணுவுக்குள்ளே சுமந்துகொண்டு போய், மறுபக்கம் வெளியே விடும். விடும்போது ஏற்பியின் ஒரு துண்டு அறுந்து ஐஜிஏவோடு ஒட்டிக்கொண்டே வரும். எச்சிலிலும் குடலிலும் இருக்கும் நொதிகள் ஐஜிஏவை அரித்துவிடாமல் அந்தத் துண்டுதான் காக்கிறது. ஒரு ஏற்பி, ஒரு பயணம், அவ்வளவுதான், திரும்ப உபயோகமில்லை. வெளியே வந்தபிறகு ஐஜிஏ யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. கிருமியின் மேல் அப்பிக்கொண்டு அதைச் சுவரில் ஒட்டவிடாமல் செய்கிறது, அவ்வளவே. ஒட்ட முடியாத கிருமியை எச்சிலோடு விழுங்கிவிடுகிறோம், வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

உடம்பு தயாரிக்கும் மற்ற ஆன்டிபாடிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஐஜிஏ அளவுக்கு வராது. இத்தனையும் எதற்கு என்றால் வாய், மூக்கு, குடல் ஆகிய வாசல்களுக்கு. ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் இதன் பெரும்பங்கு இல்லவே இல்லை. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னையே குத்தப்போகிறது என்று தோன்றுகிறது.

ஜனவரி 11, மதியம் 2.05

எண் கேட்டவர்களுக்கு. 1982-இல் கேப்டவுனில் 56 கிமீ ஓட்டம். முடித்த இரண்டு வாரத்தில் ஓடியவர்களில் 33.3 சதவீதம் பேருக்குச் சளி, தொண்டைத் தொந்தரவு. அதே வீட்டில் இருந்த, ஓடாத ஆட்களில் 15.3 சதவீதம். அப்புறம் 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான், 2,311 பேர். ஓடியவர்களில் அடுத்த வாரம் 12.9 சதவீதம், பயிற்சி எடுத்தும் ஓடாமல் நின்றவர்களில் 2.2. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ‘திறந்த ஜன்னல்’ பேச்சுக்கு முக்கால்வாசி அஸ்திவாரம் இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

எழுதி முடித்து டீ குடிக்கும்போது உறைத்தது. வீட்டில் இருந்தவர் ஓடவும் இல்லை, கூட்டத்துக்குப் போகவும் இல்லை. ஆயிரக்கணக்கான பேரோடு தோள் உரச நின்று, கை குலுக்கி, ஒரே மேஜையில் தண்ணீர் கிளாஸ் எடுத்து, சிலர் வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து… ஓடினதாலா, போனதாலா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று, இரண்டுமே ஓடினவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. யாரும் மூக்கில் பஞ்சு விட்டு எடுத்துக் கிருமியைத் தேடவில்லை. பிற்பாடு 2007-இல் வந்த ஓர் ஆய்வில் அப்படித் தேடியபோது, ‘சளி பிடித்துவிட்டது’ என்று வந்த நிகழ்வுகளில் மூன்றில் ஒன்றில்கூடக் கிருமி சிக்கவில்லை. மீதியெல்லாம் ஒவ்வாமையாக இருக்கலாம், காய்ந்த காற்று தொண்டையை உரசியதாக இருக்கலாம். கொருக்குப்பேட்டைத் தம்பி, உன் சளி என்ன நிறம்? (கேட்கிறேன், படம் அனுப்பாதே.)

ஜனவரி 12, காலை 9.30

படம் அனுப்பியிருக்கிறான்.

கஷாயம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 2020-இல் வாங்கின கபசுரக் குடிநீர் பொடி என் வீட்டில் இன்னும் ஒரு பாக்கெட் இருக்கிறது. பூச்சி வைத்துவிட்டது. பூச்சிகள் நல்ல திடமாக இருக்கின்றன. வைட்டமின் சி மட்டும் ஒரு வார்த்தை: தென்னாப்பிரிக்காவின் 90 கிமீ ஓட்டக்காரர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் ஓட்டத்துக்குப் பின் வரும் சளித் தொந்தரவு பாதியாகக் குறைந்தது. பூங்காவை நாலு சுற்று சுற்றுகிற நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நெல்லிக்காய் பிடித்தால் சாப்பிடுங்கள்.

ஜனவரி 13, காலை 7.50

போகி. புத்தி இல்லாமல் ஐந்தே காலுக்கு ஓடப் போனேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வரை இரண்டு கிமீ. முதல் தெருமுனையில் பாய், பழைய முறம், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. சுற்றிலும் பசங்க மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தெருவில் டயர். கூடாது என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள், வருஷா வருஷம் ஒரு டயர். விரைவுச் சாலையில் ஏறினால் கன்டெய்னர் லாரி வரிசை, இன்ஜினை அணைக்காமல். பனியோடு சேர்ந்து புகை முழங்கால் உயரத்தில் படுத்திருந்தது. ஒரு கிமீயிலேயே திரும்பிவிட்டேன். துப்பினால் சாம்பல் நிறம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போதும். கடுமையாக ஓடினால் நூறு லிட்டரைத் தாண்டும். அவ்வளவையும் மூக்கு வழியாக இழுக்க முடியாது, வாய் திறந்துகொள்ளும். மூக்கு செய்கிற மூன்று வேலையும், சூடேற்றுவது, ஈரமாக்குவது, தூசியைப் பிடிப்பது, அங்கேயே கைவிடப்படுகிறது. எண்ணூர் சாலையில் வாயைத் திறந்து ஓடுவது நம் ஊர் ஸ்பெஷல்.

ஜனவரி 13, இரவு 9.45

மூக்கு உள்பக்கம் முழுக்க மெல்லிய மயிரிழைகள் உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு. வினாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அடித்து, மேலே படர்ந்த சளிப் படலத்தைத் தொண்டைப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும், நிமிடத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். தூசியும் கிருமியும் அதில் ஒட்டி, கன்வேயர் பெல்ட்டில் போகிற மாதிரி போய்ச் சேரும். ஐஜிஏ அந்தப் படலத்திலும் உண்டு. பெல்ட் ஓடுகிறதா என்று சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. மூக்கில் ஒரு துளி சாக்கரின் வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்பு எப்போது தெரிகிறது என்று கடிகாரம் பார்ப்பது. இருபது நிமிடத்துக்குள் தெரிந்தால் நல்லது.

அம்மாவுக்குச் சர்க்கரை. டீக்குப் போடும் சாக்கரின் மாத்திரை டப்பா சமையலறையில் இருக்கிறது. ஒன்றை எடுத்துக் கரண்டியால் நசுக்கி, கடுகில் பாதி அளவுத் துணுக்கைத் தீக்குச்சி நுனியில் ஒட்டி வலது மூக்கில் வைத்தேன். தலையைச் சற்றே குனிந்து உட்கார வேண்டும், உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது. பத்து நிமிடம், ஒன்றும் இல்லை. இருபது. முப்பது. அம்மா எட்டிப் பார்த்து, "யாரை நினைச்சு இப்படித் தலையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்றார். நாற்பது நிமிடம் ஆகியும் இனிப்பு வரவில்லை. போகி என் மூக்கைக் கொன்றுவிட்டது!

ஜனவரி 15, காலை 10.10

கொல்லவில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தனியாக எழுதி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மூக்கின் முன்வாசலில் இருப்பது சாதாரணத் தோல், அங்கே அந்த மயிரிழை கிடையாது. நான் வைத்த துணுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தெரியும் கீழ் மடிப்பின் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டுமாம். "தீக்குச்சியை அவ்வளவு தூரம் விடறதுக்கு முன்னாடி உங்க வயசை ஞாபகம் வச்சுக்குங்க தம்பி" என்றும் சேர்த்திருந்தார்.

அக்கா மகள் நேற்று பொங்கலுக்கு வந்தவள் டார்ச் அடித்து வைத்துவிட்டாள். 14 நிமிடம். மாட்டுக்கு முன்னால் எனக்குப் பரிசோதனை முடிந்தது.

ஜனவரி 18, இரவு 8.30

காலையில் 12 கிமீ. வந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்ததில் 19 நிமிடம். ஒரு மூக்கு, இரண்டு அளவு, இதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. ஆனால் மாரத்தான் ஓடியவர்களிடம் இதே சாக்கரின் சோதனை செய்து, பெல்ட் சில நாள் மந்தமாக இருந்ததை முறையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தத்தை எடுக்காமல் வாசலில் போய்ப் பார்த்தால் இப்படி ஏதாவது தட்டுப்படுகிறது.

ஜனவரி 19, இரவு 11.55

இதை எழுதத் தள்ளித் தள்ளிப் போட்டேன், ஏனென்றால் முதல் நாள் நானே எழுதியதை நானே வெட்ட வேண்டும்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் நடந்தது. புது சூப்பர்வைசர் ஒருவர் ராத்திரி மூன்று மணிக்குத் திடீரென்று வந்தார். செக்யூரிட்டி அறையில் ஆறு பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர்தான். நாலு பேர் தூங்கப் போய்விட்டார்கள் என்று அங்கேயே மெமோ அடித்துவிட்டார். அந்த நாலு பேரும் பின்வேலியில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் அங்கே கம்பி அறுந்திருந்தது. மெமோவைத் திரும்ப வாங்க அவருக்கு ஒரு வாரம் மனசு வரவில்லை.

ஓடி முடித்தபின் ரத்தத்தில் லிம்போசைட் குறைகிறது என்பது அந்த அறையை எண்ணின கணக்கு. ஓடும்போது அட்ரினலின் ஏறி இந்த அணுக்கள் கும்பலாக ரத்தத்துக்குள் வருகின்றன. முடிந்ததும் போய்விடுகின்றன. செத்துப்போய்விட்டன என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். 2008-இல் சுண்டெலிகளுக்கு டி அணுக்களில் (லிம்போசைட்டில் ஒரு வகை) அடையாளச் சாயம் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். அணுக்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் நுரையீரல், குடலில் இருக்கும் காவல் திட்டுகள், எலும்பு மஜ்ஜை. பின்வேலி! 2018-இல் பாத் பல்கலைக்கழகத்தின் கேம்ப்பெல், டர்னர் இருவரும் இதையெல்லாம் சேர்த்து, ‘திறந்த ஜன்னல்’ என்பதே தப்பான வாசிப்பு, காவல் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று எழுதினார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் அவர்கள் பக்கம் முக்கால்வாசி போய்விட்டேன்.

கால்வாசி ஏன் போகவில்லை? பாய்மரப் படகுப் பந்தய வீரர்கள் 38 பேரை 50 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். சளி பிடிப்பதற்கு முந்தின மூன்று வாரத்தில் அவரவர் எச்சில் ஐஜிஏ 28 சதவீதம் இறங்கியிருந்தது. ஒருவர் அளவை இன்னொருவரோடு ஒப்பிட்டால் பயனில்லை, ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். தன் வழக்கமான அளவிலிருந்து தானே இறங்கினால்தான் சங்கதி. அது ஒரு நாள் ஓட்டத்தில் இறங்கியதும் இல்லை. வாரக்கணக்கில் அலுப்பு சேர்ந்து, ஓய்வு கிடைக்காமல் மெல்ல மெல்ல இறங்கியது.

ஆகவே 9-ஆம் தேதி எழுதியதை இப்படித் திருத்துகிறேன்: ரத்தக் கணக்கை வைத்து பயமுறுத்தியது தப்பு. எச்சில் பற்றிச் சொன்னது பாதி சரி. கூட்டத்தை ஒரே வரியில் கடந்தது பெரிய தப்பு.

ஜனவரி 20, காலை 6.40

"அப்போ ஜிம்முக்குப் போனா நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தைல சொல்லு" என்கிறார் வண்ணாரப்பேட்டை அண்ணன்.

நல்லது.

ஜனவரி 20, இரவு 10.15

ஒரே வார்த்தை பத்தவில்லையாம். சரி. 1,002 பேரை 12 வாரம் பார்த்த கணக்கு, 2011-இல் வந்தது: வாரத்தில் ஐந்து நாளாவது மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, சும்மா இருந்தவர்களைவிடச் சளியில் கழிந்த நாட்கள் 43 சதவீதம் குறைவு. ஜப்பானில் அறுபத்தைந்து வயதை ஒட்டிய 45 பேர் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்று ஒரு வருஷம் செய்ததில் எச்சில் ஐஜிஏ ஏறியிருந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் இன்று மாலை பதினைந்து சுற்று. "எச்சில் ஊறுதுடா, பஜ்ஜி வாசனை வருது" என்றார்.

பிப்ரவரி 2, மதியம் 3.30

கொருக்குப்பேட்டைத் தம்பியை நேற்று டோல்கேட் மெட்ரோ பக்கம் நேரில் பார்த்தேன். சளி போய்விட்டது, ஓட ஆரம்பித்துவிட்டான். டீ சொல்லிவிட்டு, இரண்டு கேள்விதான் கேட்டேன்.

முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே? "ரெண்டரை மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கணும்னு பதினோரு மணிக்குப் படுத்தேன், தூக்கம் வரல அண்ணே. அதுக்கு முந்தின மூணு நாளும் நைட் ஷிப்ட்."

2015-இல் 164 பேரின் மூக்கில் வேண்டுமென்றே சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கும் கூடுதல். அவர்கள் யாரும் 21 கிமீ ஓடவில்லை. இதைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

ரெண்டாவது, ரூமில் வேறு யாருக்காவது சளி இருந்ததா?

டீயைக் கீழே வைத்தான். "ரூம்மேட்டுக்கு வெள்ளிக்கிழமையே மூக்கு ஒழுகிட்டிருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் ஒரே பொட்டலத்துலதான் பிரியாணி சாப்பிட்டோம்."

சனிக்கிழமை ஒட்டினால் செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரக்கும். மூன்று நாள், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. இருபத்தைந்து நாளாக எச்சில், எலி, படகு என்று நான் சுற்றி வந்தது ஒரு பிரியாணிப் பொட்டலத்தை. இதை முதல் நாளே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே அண்ணே."

கிளம்பும்போது அந்தச் சாக்கரின் சோதனை தனக்கும் செய்ய வேண்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். டார்ச் இருக்கிறது, அக்கா மகள் வருவாள். மாத்திரையை அம்மா இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.